உடன் சென்று கேட்டல்

இல்லறத்தில் எழும் பிணக்குகள் யாவும் பொன்னைப்பற்றியும் மண்ணைப்பற்றியுமே எழுகின்றன என்று எண்ணுவார் பலர். யான் நன்கறிந்த இல்லம் ஒன்றில் நெடுநாள் நீடித்த மௌனம் ஒன்று, ஒரு பாட்டுக் கச்சேரியால் விளைந்தது. அதனை முன்னிட்டு என் கருத்தொன்றை ஆசிரியப் பெருமக்கள் முன்னும், பழைய மாணவர் முன்னும், உடன் பயிலும் அன்பர் முன்னும் வைக்கத் துணிகின்றேன். மணமாகாதவனும் பத்தொன்பது அகவையே நிரம்பியவனுமாகிய ஒரு மாணாக்கன் கணவன் மனைவியரைப்பற்றி எழுதப் புகுதல் நகைப்பிற்கு இடமாகும் என்பதை யான் அறியாமலில்லை. நகைப்பவர் நகைத்து முடித்தபின் மேலே படிப்பாராக.

மனைவி பல்லாண்டு விரும்பிக் கேட்டுவந்த பாடகர் ஒருவர் உளர். அவர் இப்பொழுது முதுமை எய்திவிட்டார். அவர் பாடுமிடத்திற்கு ஒருமுறை சென்று நேரிற் கேட்டுவர வேண்டும் என்று மனைவி விழைகின்றார். கணவனுக்கோ அப்பாடகர்பால் தனிப்பட்ட பற்று ஒன்றுமில்லை. அவன் செய்யற்பாலது யாது? உடன் செல்ல வேண்டும் என்பதில் இக்காலத்தார்க்கு ஐயம் இராது. செல்லுதல் கடமையின் பாதியே என்பதுதான் என் கொள்கை. கேட்டுத் திரும்பும் வழியில் தீர்ப்புக் கூறாதிருத்தலும், “நீ என்ன கேட்டாய்?” என்று ஒரு வினா வினவுதலும் எஞ்சிய பாதியாகும். பெரும்பாலோர் நுழைவுச்சீட்டு வாங்கிக் கொடுத்த அளவில் தம் கடன் தீர்ந்தது என்று எண்ணிவிடுகின்றனர். என் பாட்டனாரும் அவ்வாறே எண்ணினார்.

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது எங்கள் குறிஞ்சிப்பாடி. பெயரில் குறிஞ்சி இருப்பினும் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை மலை ஒன்றும் இல்லை; சிறப்புத் தமிழ் வகுப்பில் ஐந்திணை பயில்வோர் இவ்வூரைக் காணவருவாராயின் ஏமாற்றமே அடைவர். இது நெசவாளர் ஊர். இங்கு நெய்யப்படும் கைலிகள் பல நாடுகளுக்குச் சென்றுள்ளன. பாட்டனார் கைலி வாணிகம் செய்தவர். ஞாயிறுதோறும் ஆலயத்துப் பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுபவர். கீர்த்தனைகள் நூற்றுக்குமேல் அவருக்கு மனப்பாடம். பாட்டென்றால் அவை, மற்றவை வெறுங் கூச்சல் என்பது அவர் துணிபு. வீட்டிலிருந்த வானொலிப் பெட்டி அவருக்குச் செய்தி கேட்கும் கருவி. காலைச் செய்தி முடிந்தவுடன் அதனை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போவார். அவர் தெருமுனை திரும்பியதும் பாட்டியார் அதனை மீண்டும் திருப்புவார். புதுச்சேரி நிலையமும் இலங்கை வானொலியும் அவருக்கு அடுக்களைத் தோழியர். அவ்வழியேதான் கே. ஜே. யேசுதாஸ் அவர்களின் குரல் எங்கள் இல்லத்துட் புகுந்தது.

யேசுதாஸ் 1940ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10ஆம் நாள் கொச்சிக் கோட்டைப் பகுதியில் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றிற் பிறந்தவர். தந்தையார் அகஸ்டின் ஜோசப் மேடை நடிகரும் பாடகருமாவார். 1961இல் மலையாளத் திரைப்படம் ஒன்றிற்காக யேசுதாஸ் முதன்முதல் ஒலிப்பதிவு செய்த பாடல், சாதி சமய வேற்றுமையற்ற இடத்தைப் போற்றும் நாராயண குருவின் செய்யுளாம். தமிழ்த் திரைக்கு அவர் குரல் 1964இல் ‘பொம்மை’ என்னும் படத்தின் வாயிலாக வந்தது. திரையிசையோடு நில்லாது, செம்பை வைத்தியநாத பாகவதரிடம் கருநாடக இசை பயின்று கச்சேரி மேடையிலும் தமக்கென ஓரிடம் பெற்றார். இச்செய்திகளெல்லாம் பாட்டியார்க்குத் தெரியும். பள்ளியில் எட்டாம் வகுப்பிற்கு மேற் படியாத அவர், இவற்றை எங்கிருந்து திரட்டினார் என்பது எங்களுக்கு வியப்பே. அவற்றுள் அவர் அடிக்கடி எடுத்துக்கூறியது ஒன்று உண்டு. 1989இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் யேசுதாசுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. “நம்ம சிதம்பரத்துக்காரங்களே பட்டம் குடுத்திருக்காங்க, நீங்க ஒருதரம் போய்க் கேக்கக் கூடாதா?” என்பார். பாட்டனார் அதற்கு, “பட்டம் குடுத்தவங்க கேக்கட்டும்” என்று விடை கூறுவார்.

பாட்டனாரின் மறுப்பிற்குச் சமயமும் ஒரு காரணமாயிருந்தது. கருநாடகக் கச்சேரியிற் பாடப்படுவன பிற சமயத் தெய்வங்களின் துதிகள். கிறித்தவர் ஒருவர் காசு கொடுத்துச் சென்று அவற்றை அமர்ந்து கேட்டல் தகுமா என்பது அவர் வினா. இவ்வினாவை இழித்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அது மனச்சான்றிலிருந்து எழுந்தது. ஆயினும் அவர் நாள்தோறும் பாடிய கீர்த்தனைகளே அவருக்கு மறுமொழி கூறுவன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கிறித்தவ வழிபாட்டிற்கென இயற்றிய பாடல்கள், கச்சேரிகளில் ஒலிக்கும் இராக தாளங்களிலேயே அமைந்தவை. மாயூரத்தில் முன்சீப்பாயிருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889), ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ என்றே ஒரு நூலுக்குப் பெயரிட்டார். தில்லைக்கு ஏங்கிய நந்தனாரின் சரித்திரத்தைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்தம் நண்பர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தமிழிசையின் சுருதிகளை ஆராய்ந்து 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டிற் பரோடாவிற் கூடிய இசை மாநாட்டில், தந்தையின் கொள்கையை மெய்ப்பித்தற்பொருட்டு வீணை வாசித்துக் காட்டியவர்கள் அவர் புதல்வியரே. பாரதியார் நீங்கலாக இவர்கள் எல்லோரும் கிறித்தவர்கள். இராகத்திற்கு ஞானஸ்நானம் செய்விக்க வேண்டுமென்று இவர்களுள் ஒருவரும் கருதியதாகத் தெரியவில்லை.

பாட்டியார் இவ்வாறெல்லாம் வாதிடவில்லை. குறிஞ்சிப்பாடிக்கு அண்மையில் உள்ளது வடலூர். இராமலிங்க அடிகளார் 1872இல் அங்கு நிறுவிய சத்திய ஞான சபையில் தைப்பூசந்தோறும் பெருங்கூட்டம் கூடும். எங்கள் தெரு வழியே செல்லும் வண்டிகளிலெல்லாம் அருட்பா ஒலிக்கும். “அதைக் காதைப் பொத்திக்கிட்டா இத்தனை வருசம் இருந்தோம்?” என்று பாட்டியார் ஒருநாள் வினவினார். பாட்டனார் வாயடைத்துப் போனார். அவ்வாண்டு மார்கழியிலேயே சென்னைக்குப் போவது என்று முடிவாயிற்று.

அப்பொழுது எனக்குப் பன்னிரண்டு அகவை, பாடகர்க்கு எழுபத்தெட்டு. பாட்டியார்க்கு அறுபத்தாறு, அவர் மணமாகி நாற்பது ஆண்டுகட்கு மேலாகியிருந்தன. தமக்கென்று ஓர் இடத்திற்குப் போக வேண்டும் என்று அவர் கேட்டது அதுவே முதன்முறை என்பதைப் பின்னரே யான் உணர்ந்தேன். பெட்டியினின்று எடுத்த மயில்கழுத்து வண்ணப் பட்டுப்புடவை என் அத்தையின் திருமணத்திற்கு வாங்கியது. வடலூர், பண்ணுருட்டி வழியாகப் பேருந்திற் சென்றோம். துணைக்கு ஒருவர் வேண்டும் என்பதற்காக என்னையும் அழைத்துச் சென்றனர்; துணை எவர்க்கு என்பது எனக்கு விளங்கவில்லை.

சென்னை மார்கழிக் கச்சேரிகளைப்பற்றி அறிந்தவர்கள் சபாக்களின் சிற்றுண்டிச்சாலைகளைப்பற்றியும் அறிந்திருப்பர். பாட்டனார் அங்கு உண்ட அடையையும் அவியலையும் பின்னர் ஓராண்டுவரை புகழ்ந்துகொண்டிருந்தார். கச்சேரியைப்பற்றி அவர் புகழ்ந்து கூறியது ஒன்றுமில்லை. ஆயினும் ஒன்றை யான் கண்ணாரக் கண்டேன். அரங்கினுள் அமர்ந்த சிறிது நேரத்திற்கெல்லாம் கண்ணயர்ந்துவிட்ட பாட்டனார், ஆனந்தபைரவி தொடங்கியபொழுது திடுக்கென விழித்து நிமிர்ந்தார். அவ்விராகத்திற் கீர்த்தனை பாடி வளர்ந்தவர் அவர். அது முடியுமளவும் அவர் விரல் முழங்காலின்மேல் தாளமிட்டுக்கொண்டேயிருந்தது. பாட்டியார் அதனை ஓரக்கண்ணாற் கண்டார். அவர் முகத்திற் படர்ந்த மகிழ்ச்சியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. மேடைமீது நிகழ்ந்ததைக் காட்டிலும் அதனையே அவர் பெரிதாகக் கருதினார்போலும்.

இனி முதுமை எய்திய பாடகரின் பாட்டைப்பற்றிச் சில சொல்ல வேண்டும். இஃது ஒருவரைமட்டும் குறித்ததன்று. நெடுநாள் பாடும் எவர்க்கும் பொதுவாம். அகவை ஏற ஏறக் குரல்நாண்கள் நெகிழ்ச்சி குன்றும்; மூச்சுப்பையின் கொள்ளளவு குறையும்; மேல்நிலைச் சுரங்களைத் தொடுதல் கடினமாகும். ஆதலின் முதிய பாடகர் பலர் தம் சுருதியைக் கட்டை குறைத்து வைத்துக்கொள்வர். நீண்ட கார்வைகளைச் சுருக்குவர். விரைந்த பிருகாக்களைத் தவிர்த்து, இராகத்தின் உயிர்நிலையைக் காட்டும் சில பிடிகளை மட்டும் தெரிந்தெடுத்துக் கையாள்வர். எஞ்சியதை வயலின் நிரப்பும். இளமையில் ஒரு பாடகர் தம் குரல் எங்கெல்லாம் செல்லும் என்பதைக் காட்டுவார். முதுமையில் எங்குச் செல்லத் தேவையில்லை என்பதை அறிந்து பாடுவார். முப்பது ஆண்டுக்கு முந்திய ஒலித்தட்டை மனத்திற் சுழலவிட்டுக்கொண்டு இதனைக் கேட்பவர் ஏமாறுவர். அவ்வொலித்தட்டு வீட்டிலேயே இருக்கின்றது. அதனைக் கேட்பதற்கு நெடுந்தொலைவு பேருந்திற் போக வேண்டியதில்லை.

அங்ஙனமாயின் பாட்டியார் எதற்காகப் போனார்? நெடுங்காலம் அடுக்களையில் தம்மோடு இருந்த குரலுக்குரிய மனிதரை ஒருமுறை காண்பதற்குப் போனார். அவர் கேட்டது அன்றைய குரலையும் பழைய குரலையும் சேர்த்தேயாகும். மேடையிற் குறைந்திருந்ததை அவர் நினைவு நிரப்பிக்கொண்டது. பக்கத்து இருக்கையில் இருந்த பாட்டனார்க்கு அந்நினைவு இல்லை. ஒரே வரிசையில் அமர்ந்து இருவரும் கேட்டவை இரண்டு வேறு கச்சேரிகள். பக்கத்திலிருப்பவர் கேட்கும் கச்சேரி நம் காதில் விழவில்லை என்னும் இவ்வுண்மையை உணர்ந்தவனே உடன் சென்று கேட்கத் தகுதியுடையவன் என்பேன்.

திரும்பும் பேருந்து செங்கற்பட்டைத் தாண்டியதும் பாட்டனார் பேசத் தொடங்கினார். அவருக்கும் வயதாகிவிட்டது, நமக்கும் வயதாகிவிட்டது. இத்தனை காசு செலவிட்டு, இத்தனை தொலைவு வந்து, முதுகுவலி கண்டதுதான் மிச்சம். வீட்டிலிருந்தே வானொலியிற் கேட்டிருக்கலாம் என்றார். சினந்து பேசவில்லை. கடைக்கணக்கை முடித்துக் கூட்டுத்தொகை எழுதுபவர்போல இயல்பாகவே பேசினார். பாட்டியார் பலகணிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திண்டிவனத்திலும் அவர் பேசவில்லை, பண்ணுருட்டியிலும் பேசவில்லை. அதன்பின் வந்த நாட்களில், பாட்டனார் தெருமுனை திரும்பிய பின்னும் வானொலிப் பெட்டி வாய்திறக்கவில்லை. அஃது எத்தனை நாள் நீடித்தது என்று யான் எண்ணவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்து, பொங்கலும் கழிந்து, தைப்பூச வண்டிகள் தெருவிற் போன பின்னரே அப்பெட்டியில் மீண்டும் பாட்டொலி எழுந்தது.

இக்கதையை எங்கள் விடுதியிற் கூறியபொழுது நண்பர் ஒருவர் பாட்டனார் பக்கம் நின்று வாதிட்டார். “உண்மை கூறுவது குற்றமா? பிடிக்காததைப் பிடித்தது என்று பொய்யாக நடிக்கச் சொல்கின்றாயா? கலைக்கு மதிப்பீடு வேண்டாமா?” என்று அடுக்கினார். இவ்வாதத்தில் வலிமை உண்டு. நடிப்பை யானும் வெறுக்கின்றேன். இல்லாத சுவையை இருப்பதாகக் காட்டித் தலையை ஆட்டுபவர்களை எக்கச்சேரியிலும் காணலாம். ஆயினும் செய்தித்தாளில் விமரிசனம் எழுதுபவர்க்கும் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் கணவனுக்கும் வேற்றுமை இல்லையோ? விமரிசகரைத் தீர்ப்புக் கூறுமாறு வாசகர் கேட்கின்றனர். அவர் கூறுவதற்காகவே அனுப்பப்பட்டவர். கணவனை எவரும் தீர்ப்புக் கேட்கவில்லை. மேலும், பாட்டனார் கூறியது முழு உண்மையுமன்று. ஆனந்தபைரவிக்கு அவர் இட்ட தாளம் எங்கே போயிற்று? அதனையும் கணக்கிற் சேர்த்திருந்தால் கூட்டுத்தொகை வேறாகியிருக்கும். சலிப்பை ஒளிவின்றிக் கூறும் ஆண்கள் பலர், தாம் மகிழ்ந்ததைக் கூறுவதற்கு மட்டும் ஏனோ நாணுகின்றனர்.

இவ்விடத்தில் ஒரு திரைப்படம் நினைவிற்கு வருகின்றது. கே. பாலசந்தர் 1985இல் எடுத்த ‘சிந்து பைரவி’யைப் பெரியோர் பலர் பார்த்திருப்பர், இளையரும் இப்பொழுது கைப்பேசியிற் பார்க்கின்றனர். இளையராஜா இசையமைத்தார், கதைத்தலைவனாகிய சங்கீத வித்துவானுக்குக் குரல் கொடுத்தவர் யேசுதாசே. வித்துவானின் மனைவிக்கு இசையறிவு இல்லை. அக்குறையே அவன் மனம் இசையறிந்த வேறொருத்தியை நாடுவதற்கு வாயிலாகின்றது. படம் சிறந்த படமே. பாடல்களை என் பாட்டியார் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றார். எனினும் எனக்கொரு வழக்கு அதன்மேல் உண்டு. மனைவிக்குச் சுவை இல்லாமை அங்கே ஒரு பெருங்குறையாய், ஒரு கதையையே தாங்கும் தூணாய் நிற்கின்றது. கணவனுக்குச் சுவையில்லாமல், மனைவி அடுக்களையில் தனியே கேட்டுக்கொண்டிருக்கும் இல்லத்தைப்பற்றி எவர் படமெடுப்பார்? அது கதையாகாது. தெருவுக்குப் பத்து வீடுகளில் அதுதானே நடக்கின்றது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பாட்டனார் பாடிய கீர்த்தனைகளைப் பாட்டியார் நாற்பதாண்டுக்கு மேலாக முன்வரிசையில் அமர்ந்து கேட்டார். பாடகர் குழு கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போனபொழுதெல்லாம் சோறு கட்டிக்கொண்டு உடன் போனார். தொண்டை கட்டியபொழுது மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். பாட்டனார் அகவையும் ஏறியது. அவர் கனத்த குரலும் கரகரத்தது. ஆலயத்திலிருந்து திரும்பும் வழியில், “இன்னிக்குக் குரல் சரியில்லை” என்று பாட்டியார் ஒருநாளும் சொன்னதில்லை. இதனை ஒரு தியாகமென்று எங்கள் இல்லத்தில் எவரும் சொன்னதுமில்லை. பெண்கள் உடன் செல்வது வழக்கம். ஆண்கள் ஒருமுறை உடன் சென்றால் அது செய்தி. தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடம் வேண்டுமென்று 1941இல் அண்ணாமலைநகரில் மாநாடு கூட்டித் தீர்மானம் இயற்றினர் நம் பெரியோர். அடுக்களையிற் பாட்டுக் கேட்பவர்க்கு அரங்கில் ஓர் இருக்கை வேண்டுமென்று எம்மாநாட்டிலேனும் தீர்மானம் இயற்றியதாக யான் படித்ததில்லை.

கேட்பவரின் துணை பாடுபவர்க்கும் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் வாழ்வு சான்று பகரும். அவரை 1940இல் மணந்த சதாசிவம், கச்சேரிதோறும் முன்வரிசையில் அமர்ந்து, எதனைப் பாடுவது, எப்பொழுது முடிப்பது என்பவற்றைக் குறிப்பாற் காட்டுவார் என்பது பலரறிந்த செய்தி. அவ்வாட்சியை எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மேடையிலிருப்பவர் உரிமை எங்கே என்று கேட்போர் பக்கமும் நியாயம் உண்டு. ஆயினும் 1997 நவம்பரில் சதாசிவம் மறைந்தபின், 2004இல் தாம் மறையுமளவும் அம்மையார் பொதுமேடையில் கச்சேரி செய்யவில்லை. அந்த முன்வரிசை இருக்கை வெறுமையானபொழுது மேடையும் அவருக்கு வெறுமையாயிற்று.

முதுமையிற் பாடுவது தகுமா, உரிய காலத்தில் நிறுத்திக்கொள்வதே பெருமையன்றோ என்று கேட்பாரும் உளர். யேசுதாசின் ஆசிரியராகிய செம்பை, 1974 அக்டோபரில் ஒற்றப்பாலத்துக் கோயில் ஒன்றிற் பாடி முடித்த அன்றே உயிர்நீத்தார். அகவை எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட் 2021 ஆகஸ்டில், தம் தொண்ணூற்றைந்தாம் பிறந்தநாளன்று, நியூயார்க்கு நகரத்து ரேடியோ சிட்டி அரங்கில் பாடினார். நினைவு மங்கும் அல்சைமர் நோய் அவரைப் பற்றியிருந்ததென்பதைக் குடும்பத்தார் அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே வெளியிட்டிருந்தனர். பலவற்றை மறந்த அவர்க்குப் பாட்டு மறக்கவில்லை. நிறுத்துவதா தொடர்வதா என்பதைப் பாடுபவரே முடிவு செய்யட்டும். கேட்பவர் செய்யத்தக்கது அவர் பாடும்வரை சென்று கேட்பதே. நாளைக்குப் பார்த்துக்கொள்வோம் என்பது இவ்வகையிற் பொருந்தாத சொல்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. அடுத்த மார்கழியிற் பாட்டனார் தாமே வாய்திறந்து, “இந்த வருசமும் போகலாமா?” என்று கேட்டார். அவர் உள்ளத்தில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். பாட்டியார், “முழங்கால் வலிக்குது, வேண்டாங்க” என்றார். வலி மெய்தான். எனினும் அது மட்டுந்தான் காரணமோ என்று இப்பொழுது ஐயுறுகின்றேன். அதற்கடுத்த 2020இல் பெருந்தொற்றினால் அரங்குகள் அடைபட்டன. கச்சேரிகள் கைப்பேசித் திரைக்குள் அடங்கின. யான் பாட்டியார்க்கு என் கைப்பேசியிற் போட்டுக் காட்டுவேன். “சின்னதாத் தெரியறாங்க” என்பார். 2022இல், மழைக்காலத் தொடக்கத்தில், அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையில் பாட்டனார் ஆனந்தபைரவிக் கீர்த்தனை ஒன்றைப் பாட எழுந்தார். இரண்டாம் அடியிற் குரல் நின்றுவிட்டது. குழுவினர் முடித்து வைத்தனர்.

இப்பொழுது பாட்டனார் காலைச் செய்தி முடிந்த பின்னும் பெட்டியை நிறுத்துவதில்லை. விடுமுறைக்குச் செல்லும்பொழுதெல்லாம் என்னை அருகழைத்துச் சில கேட்பார். அக்கச்சேரியில் ஆனந்தபைரவிக்குப் பின் பாடியது எது, அதற்குப் பின் எது என்று அவர் கேட்பதற்கு என்னால் ஒன்றிரண்டே சொல்ல முடிகின்றது. பன்னிரண்டு அகவையில் யானும் பாதி உறங்கிவிட்டேன். கச்சேரி முடியும் தறுவாயில், சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம் என்று பக்கத்திலிருந்தவர் கூறப் பாட்டியார் என்னிடம் எழுதுகோல் கேட்டார். என்னிடம் இல்லை. பாட்டனார் சட்டைப்பையில் எப்பொழுதும் ஒன்று இருக்கும். அதனைக் கேட்டு வாங்கப் பாட்டியார் தயங்கினார். அதற்குள் மங்களம் தொடங்கிவிட்டது. சென்ற கிறிஸ்துமசின்பொழுது இதனைப் பாட்டனாரிடம் கூறினேன். நெடுநேரம் பேசாதிருந்து, “என்ன பாட்டு எழுத நெனச்சா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.